பரணில் கிடந்த பாஞ்சோவுக்குப் பல லட்சம் ரூபாய்!

மர வளையமும் வெண்கல வளையமும் செய்யும் மாயம்

அமெரிக்காவில் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது பரண் மேல் சில சமயம் ஒரு வாத்தியம் கிடைக்கும்.

தோல் கிழிந்திருக்கும். தந்திகள் துருப்பிடித்திருக்கும். முலாம் போய்ப் பல்லிளிக்கும். பார்த்தால், "இதை யார் வாங்குவார்கள்?" என்றுதான் தோன்றும்.

ஆனால் விஷயம் தெரிந்தவர் அதைத் தூக்கி எறிய மாட்டார். பின்பக்கம் இருக்கும் மரக் கிண்ணத்தைக் கழற்றுவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். அங்கே ஒரு மர வளையம் இருக்கும். அதன் தலை மேல் ஓர் உலோக வளையம் உட்கார்ந்திருக்கும்.

அந்த இரண்டு வளையங்களும் "சரியான" வளையங்களாக இருந்தால் போதும். அந்தக் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் அடித்துவிட்டது! பல்லாயிரம் டாலர் கிடைக்கும். நம் கணக்கில் பல லட்சம் ரூபாய்.

ஒரு மர வளையத்துக்கும் ஓர் உலோக வளையத்துக்கும் இத்தனை மதிப்பு ஏன்? அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அந்த வளையங்களைக் கடைசல் யந்திரத்தில் ஏற்றுவது சரியா, தவறா? இந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எந்த பாஞ்சோ?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம்.

நம் நாட்டில் "பாஞ்சோ" என்றால் பலருக்கு ஒரு சிறிய பெட்டி ஞாபகத்துக்கு வரும். அதில் வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். இடது கையால் பொத்தானை அமுக்கி, வலது கையால் தந்தியை மீட்டுவார்கள். அது "புல்புல் தரங்". ஜப்பானில் பிறந்த ஒரு வாத்தியத்தின் வாரிசு. பெயர் மட்டுமே ஒற்றுமை.

நாம் சொல்லும் பாஞ்சோ வேறு. வட்டமான சட்டத்தில் தோல் கட்டியிருக்கும். அதிலிருந்து நீண்ட தண்டி புறப்படும். பார்வைக்குக் கஞ்சிராவில் ஒரு தண்டியைச் செருகி, தந்தி கட்டியது போல இருக்கும்!

வீணையிலும் கித்தாரிலும் தந்தியின் அதிர்ச்சியைப் பலகை வாங்குகிறது. பாஞ்சோவில் அதைத் தோல் வாங்குகிறது. தோலின் மேல் ஒரு சிறிய மரக் குதிரை நிற்கிறது. தந்திகள் அதன் மேல் ஓடுகின்றன. தந்தியைத் தட்டினால் குதிரை நடுங்கும். குதிரை நடுங்கினால் தோல் அதிரும். அதனால்தான் பாஞ்சோவின் ஓசை பளிச்சென்று, மணி அடித்தது போலக் கேட்கிறது.

சுரைக்குடுக்கையில் பிறந்தது

பாஞ்சோவின் தாய்நாடு ஆப்பிரிக்கா.

மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டித் தோல் போர்த்தி, கொம்பு நட்டு, தந்தி கட்டி வாசிக்கும் வாத்தியங்கள் இன்றும் உண்டு. அந்த மக்களை வெள்ளையர்கள் அடிமைகளாகப் பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். கையில் ஒரு பொருளையும் எடுத்துப் போக விடவில்லை. ஆனால் நினைவை யார் பறிக்க முடியும்? போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைத்த சுரைக்குடுக்கையைக் கொண்டு தங்கள் வாத்தியத்தை மறுபடியும் செய்துகொண்டார்கள்.

ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியர் 1687-ம் ஆண்டு ஜமைக்கா தீவுக்குப் போனார். அடிமைகள் வாசித்த வாத்தியங்களைக் கண்டார். 1707-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் அதன் படத்தைப் போட்டார். இந்த ஸ்லோன் சேர்த்து வைத்த பொருள்களைக் கொண்டுதான் பிற்காலத்தில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் தொடங்கப்பட்டது.

அடிமைகளின் குடிசையில் இருந்த வாத்தியம் மெல்ல வெள்ளையர் கைக்கும் போயிற்று. வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜோயல் சுவீனி 1830-களிலும் 1840-களிலும் மேடைகளில் இதை வாசித்துப் புகழ் பெற்றார். பிறகு ஊர் ஊராக பாஞ்சோ மோகம் பரவியது.

குடுக்கை போய் வளையம் வந்தது

மோகம் பரவியதும் சுரைக்குடுக்கை போதவில்லை. குடுக்கைக்குக் குடுக்கை அளவு மாறும். கீழே விழுந்தால் உடையும். தோல் தளர்ந்தால் இழுத்துக் கட்ட வழி இல்லை.

பால்டிமோர் நகரில் வில்லியம் பவுச்சர் என்பவர் இருந்தார். அவர் தொழில் முரசு செய்வது. 1840-களில் அவர் பாஞ்சோக்களும் செய்து விற்றார். முரசுக்கு என்ன செய்வாரோ அதையே பாஞ்சோவுக்கும் செய்தார். மெல்லிய மரப் பட்டையை வளைத்து வளையமாக்கினார். அதன் மேல் தோலைப் போர்த்தினார். சுற்றிலும் கொக்கிகள் வைத்தார். கொக்கியின் திருகைத் திருகினால் தோல் இறுகும்.

இந்த மர வளையத்துக்கு "ரிம்" என்று பெயர். வாத்தியத்தின் அஸ்திவாரம் இதுதான். தண்டி இதில்தான் பொருந்துகிறது. கொக்கிகளின் இழுப்பையெல்லாம் இதுதான் தாங்குகிறது. ரிம் கோணினால் வாத்தியமே கோணிவிடும்.

மின்சாரம் இல்லாத "எலக்ட்ரிக்"!

மரத்தின் மேல் தோல் நேரடியாக உட்கார்ந்தால் ஓசை மிருதுவாக இருக்கும். ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். பெரிய கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்காது.

"மரத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஓர் உலோக வளையம் வைத்தால் என்ன?" என்று யோசித்தார்கள். இதற்குத்தான் "டோன் ரிங்" என்று பெயர். நாம் நாத வளையம் என்று சொல்லலாம். உலோகம் கனமானது, விறைப்பானது. தோலின் அதிர்ச்சியை மரம் விழுங்கிவிடாமல் அது காக்கிறது. ஓசை பளபளப்பாகிறது. கூடுதல் நேரம் நிற்கிறது.

நியூயார்க்கில் ஹென்றி டாப்சன் 1881-ம் ஆண்டிலேயே இப்படி ஒரு வளையத்துக்குப் பேடண்ட் உரிமை வாங்கினார். பாஸ்டன் நகரில் பேர்பாங்க்ஸ் கம்பெனி ஒரு வளையம் செய்தது. அதற்கு வைத்த பெயர் "எலக்ட்ரிக்". மின்சாரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! அது மின்சாரம் புதிதாக வந்த காலம். "எலக்ட்ரிக்" என்றாலே ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். அதனால் வைத்த பெயர்.

அதே வழியில் 1901-ல் "ஒயிட் லேடி" வந்தது. வேகா என்ற கம்பெனி பேர்பாங்க்ஸை வாங்கிக்கொண்டது. 1909-ல் "டியூபாபோன்" வந்தது. இந்த இரண்டையும் தேடி அலைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கலமசூ நகரத்துத் தொழிற்சாலை

ஆனால் பெரிய விலை போகும் வளையங்கள் பாஸ்டனில் பிறந்தவை அல்ல. மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்று ஓர் ஊர். அங்கே இருந்த கிப்சன் தொழிற்சாலையில் பிறந்தவை.

கிப்சன் கம்பெனி 1902-ல் தொடங்கியது. முதலில் மாண்டலினும் கித்தாரும் செய்தார்கள். 1918-ல் பாஞ்சோவில் இறங்கினார்கள். 1925-ல் "மாஸ்டர்டோன்" என்ற உயர் ரகத்தைக் கொண்டுவந்தார்கள்.

முதல் மாஸ்டர்டோனில் ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ரிம்மின் தலையில் சுற்றிலும் குழிகள் தோண்டினார்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறிய ஸ்பிரிங்கும், அதன் மேல் ஓர் எஃகுக் குண்டும் வைத்தார்கள். குண்டுகளின் மேல் நாத வளையம் மிதந்துகொண்டிருக்கும்! கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. ஒரே துண்டாக உருக்கி வார்த்த கனமான வெண்கல வளையத்துக்கு மாறினார்கள்.

மேடும் தட்டையும்

வார்ப்பு வளையத்தில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று "ஆர்ச்டாப்". வளையத்தின் உட்பக்கம் ஒரு மேடு இருக்கும். தோல் அந்த மேட்டில் ஏறி, பிறகு ஓரத்துக்குச் சரிந்து இறங்கும். அதனால் தோலில் அதிரும் பரப்பு குறைகிறது. ஓசை கூர்மையாக, வெட்டினது போல வரும். பல ஆர்ச்டாப் வளையங்களில் 40 துளைகள் இருக்கும். சிலவற்றில் துளையே இராது.

இன்னொன்று "பிளாட்ஹெட்". இதில் மேடு இல்லை. தோல் ஓரம் வரையில் தட்டையாகப் படுத்திருக்கும். அதிரும் பரப்பு அதிகம். ஓசையில் ஆழமும் உருண்டையும் கூடும். உட்சுவரில் 20 துளைகள் இருக்கும். எடை சுமார் மூன்று ராத்தல், அதாவது ஒரு கிலோவுக்கும் மேல்!

இந்தத் தட்டை வளையந்தான் கதாநாயகன். மூன்று மேப்பிள் மரப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வளைத்து ஒட்டிய ரிம். அதன் தலையில் தட்டை வளையம். சுற்றிலும் 24 கொக்கிகள். இரண்டாவது உலக யுத்தத்துக்கு முன் கலமசூவில் இப்படிச் செய்த பாஞ்சோவைத்தான் "யுத்தத்துக்கு முந்தைய பிளாட்ஹெட்" என்று பயபக்தியோடு சொல்கிறார்கள்.

விற்காத சரக்கு

வேடிக்கை என்னவென்றால், செய்த காலத்தில் இதைச் சீந்துவார் இல்லை!

1920-களில் ஜாஸ் இசைக் குழுக்களில் பாஞ்சோ ஓகோ என்று இருந்தது. ஆனால் அது நாலு தந்தி பாஞ்சோ. "டெனர்" என்று பெயர். தண்டி குட்டையாக இருக்கும். கிராமத்து ஜனங்கள் வாசித்தது ஐந்து தந்தி பாஞ்சோ. ஐந்தாவது தந்தி மற்றவற்றைவிடக் குட்டை. அதன் பிருடை தண்டியின் தலையில் இராது, நடுவழியில் இருக்கும். கட்டை விரல் அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். தம்புராவின் சுருதி போல அது இடைவிடாமல் ஒலிக்கும்.

நகரத்தில் காசு கொடுத்து வாங்கியவர்கள் கேட்டது டெனர். ஆகவே கிப்சன் செய்ததில் பெரும்பாலானவை டெனர்கள். ஐந்து தந்தி குறைவு.

1929-ல் அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடியது. வாத்தியம் வாங்க யாரிடம் காசு இருக்கிறது? அதே சமயம் ஜாஸ் குழுக்கள் பாஞ்சோவை ஒதுக்கிவிட்டுக் கித்தாருக்கு மாறின. தட்டை வளையம் வந்தது சரியாக அந்தக் கெட்ட காலத்தில்! அதனால் விற்றதும் குறைவு, செய்ததும் குறைவு. பிறகு யுத்தம் வந்தது. உலோகமெல்லாம் யுத்தத்துக்குப் போயிற்று. பாஞ்சோ தயாரிப்பு நின்றது.

மூன்று விரல் மன்னர்

அப்போதுதான் ஒரு நெசவு ஆலைத் தொழிலாளி வந்தார்.

அவர் பெயர் எர்ல் ஸ்க்ரக்ஸ். வட கரோலினா மாநிலத்தில் பிளின்ட் ஹில் என்ற குக்கிராமத்தில் 1924-ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். யுத்த காலத்தில் ஆலையில் வேலை பார்த்தார்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டி வாசிக்கும் முறை அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே உண்டு. ஸ்க்ரக்ஸ் அதைத் தீட்டிக் கூராக்கினார். சுரங்கள் மழைத் துளி போல விடாமல் கொட்டின. 1945 டிசம்பரில் அவர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். நாஷ்வில் நகர மேடையில் வாசித்தார். வானொலியில் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். "புளூகிராஸ்" என்ற இசைக்கு அந்த ஓசைதான் முத்திரை ஆயிற்று.

1949-ல் "ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்" என்ற இசையை அவர் பதிவு செய்தார். 1967-ல் வந்த "பானி அண்ட் கிளைடு" சினிமாவில் கார்கள் பறக்கும் இடத்தில் ஒலிப்பது அதுதான்.

கைமாறிய கிரனடா

ஸ்க்ரக்ஸ் பல்லாண்டு வாசித்தது ஒரு கிப்சன் "கிரனடா" பாஞ்சோ. தட்டை வளையம் உள்ளது. ரிம்மில் 9584-3 என்ற எண் உண்டு. 9584 என்ற தொகுதியில் மூன்றாவது வாத்தியம் என்று அர்த்தம்.

அதன் பூர்வ கதை சுவையானது. முதலில் பிஷர் ஹெண்ட்லி என்ற வித்துவானிடம் இருந்தது. பிறகு தென் கரோலினாவில் ஓர் அடகுக் கடைக்குப் போயிற்று. அங்கிருந்து ஸ்னஃபி ஜென்கின்ஸ் என்ற வித்துவான் வாங்கினார். அவரிடமிருந்து டான் ரினோ என்பவர் கைக்கு வந்தது.

1940-களின் கடைசியில் ரினோவும் ஸ்க்ரக்ஸும் பாஞ்சோக்களை மாற்றிக்கொண்டார்கள். ரினோவின் கிரனடா அப்போது நல்ல நிலையில் இல்லை. ஸ்க்ரக்ஸ் அதை வாங்கிக்கொண்டு தமது பாஞ்சோவைக் கொடுத்தார். ஒரு மார்ட்டின் கித்தாரையும் சேர்த்தே கொடுத்தார்! அடகுக் கடையில் தூங்கிய அந்த வாத்தியம்தான் உலகத்துக்கே பாஞ்சோவின் ஓசை இது என்று காட்டியது.

கேட்டவர்களுக்கெல்லாம் அதே ஓசை வேண்டும் என்று ஆசை வந்தது. யுத்தத்துக்குப் பின் கிப்சன் செய்தவை பலருக்குத் திருப்தி தரவில்லை. பழைய ஐந்து தந்தி பிளாட்ஹெட்டோ மிகக் குறைவாகத்தான் இருந்தது. என்ன செய்வது?

தண்டி மாற்று வைத்தியம்

பரண்களிலும் அடகுக் கடைகளிலும் டெனர்கள் தூங்குகின்றன அல்லவா? அவற்றின் ரிம்மும் நாத வளையமும் அதே தொழிற்சாலையில் செய்தவைதானே? குட்டைத் தண்டியைக் கழற்றிவிட்டு, ஐந்து தந்திக்கான நீளத் தண்டியைப் பொருத்தினால் தீர்ந்தது!

இப்படித்தான் "மாற்று பாஞ்சோ" பிறந்தது. இது நல்ல வைத்தியம். ஏனென்றால் இதில் மரத்தை வெட்டுவது இல்லை. பழைய தண்டியைப் பெட்டியில் பத்திரமாக வைத்தால், எப்போது வேண்டுமானாலும் பழையபடி பூட்டிக்கொள்ளலாம்.

வாத்தியத்தின் மேல் உள்ள எழுத்தும் உண்மையைச் சொல்லும். ஆர்.பி. என்றால் ஐந்து தந்தி. டி.பி. என்றால் டெனர். பி.பி. என்றால் "பிளெக்ட்ரம்" என்ற நாலு தந்தி நீளத் தண்டி. டி.பி.யாகப் பிறந்ததை ஆர்.பி. என்று சொல்லி விற்பது மோசடி. ஆகவே வாங்குகிறவர் தலையிலிருந்து கால் வரை பரிசோதிக்கிறார்.

அசலா, போலியா?

முதல் பரிசோதனை எண். ரிம்மின் உட்புறம் தொழிற்சாலை எண் இருக்கும். பின்பக்கத்து மரக் கிண்ணத்திலும் அதே எண்ணை எழுதியிருப்பது வழக்கம். இரண்டும் ஒன்றானால் நிம்மதி. வேறு வேறானால் இரண்டு வாத்தியங்கள் கலந்திருக்கின்றன என்று பொருள்.

இரண்டாவது ரிம்மின் மரம். கீழ் ஓரத்தைப் பார்த்தால் பட்டைகளின் கோடுகள் தெரியும். யுத்தத்துக்கு முந்தைய மாஸ்டர்டோனில் மூன்று பட்டைகள். மெல்லிய பட்டைகள் ஏராளமாக அடுக்கியிருந்தால் அது பிற்காலத்துச் சரக்கு.

மூன்றாவது ரிம்மின் தலை. நாத வளையத்தைக் கழற்றினால் அது உட்காரும் படி தெரியும். அந்தப் படி பழைய மரம் போல மங்கி இருக்க வேண்டும். பளிச்சென்று புது மரமாக இருந்தால் பின்னால் யாரோ கடைந்திருக்கிறார்கள். சுற்றிலும் அடைத்த குழிகள் தெரிந்தால் அது எஃகுக் குண்டு வைத்த பழைய ரகம். தட்டை வளையத்தைப் பிறகு ஏற்றியிருக்கிறார்கள்.

நாலாவது நாத வளையம். துளைகளை எண்ணுகிறார்கள். தராசில் போடுகிறார்கள். விரலில் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்கிறார்கள். நல்ல வார்ப்பு வெண்கலம் மணி போல நெடுநேரம் ஒலிக்கும். ஆனால் 20 துளையைக் கண்டதும் ஏமாந்துவிடக் கூடாது. இக்காலத்தில் பழைய வளையத்தைப் பார்த்து அச்சாக வார்க்கிறார்கள். அதிலும் 20 துளை உண்டு! ஆகவே முலாம் தேய்ந்த விதத்தையும், வளையத்தின் கறை மரத்தில் பதிந்த விதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பல வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவி போல, வளையமும் மரமும் ஒன்றின் அடையாளத்தை ஒன்று சுமந்திருக்கும்.

ஐந்தாவது விளிம்பு. கொக்கிகள் மாட்டும் உலோக விளிம்பு சில வாத்தியங்களில் ஒரே துண்டு. சிலவற்றில் ஒரு குழாயும் ஒரு தகடுமாக இரண்டு துண்டு. ஒரே துண்டு விளிம்பு 1930-ஐ ஒட்டி வழக்கத்துக்கு வந்தது. இது துத்தநாகக் கலவையில் வார்த்தது. கொக்கிகள் இழுத்து இழுத்து இது மேல் நோக்கி வளைந்துபோகும். சில சமயம் விரிசல் விடும். பழைய விளிம்பு சொட்டு விரிசலும் இல்லாமல் நேராக இருந்தால் மகிழ்ச்சியும் படலாம், கொஞ்சம் சந்தேகமும் படலாம்!

கடைசியாக ஒரு விளக்கு. இருட்டறையில் புற ஊதா விளக்கைப் போட்டுப் பார்க்கிறார்கள். பழைய வார்னிஷ் ஒரு விதமாக ஒளிரும். புதிதாகப் பூசிய இடம் வேறு விதமாகத் தெரியும். பகலில் மறைத்த ஒட்டு வேலை இரவில் அம்பலமாகும்.

கடைசலில் ஏறினால்...

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

கிப்சன் கம்பெனி மலிவு ரகங்களும் செய்தது. அவற்றில் கனமான வார்ப்பு வளையம் கிடையாது. ரிம்மின் தலையில் மெல்லிய பித்தளைக் கம்பி வளையம் மட்டும் இருக்கும். எடை குறைவு. ஓசை அடக்கம். ரிம் மட்டும் அதே தொழிற்சாலையின் பழைய மேப்பிள்.

"இந்த ரிம்மின் தலையைக் கடைந்துவிட்டு, ஒரு தட்டை வளையத்தை உட்கார வைத்தால் மாஸ்டர்டோன் ஆகிவிடுமே!" என்ற ஆசை பலரை ஆட்டிப் படைத்தது. ஆயிரம் டாலரில் பல்லாயிரம் டாலர் ஓசை! ஏராளமான ரிம்கள் கடைசல் யந்திரத்தில் ஏறின.

சில நன்றாக அமைந்தன. சில பாழாயின. ஏன்?

வளையமும் மரமும் பொருந்துவது மயிரிழை விஷயம். தளர்ந்திருந்தால் வளையம் ஆடும், ஓசையில் கரகரப்பு வரும். இறுகியிருந்தால் ஓசை மூச்சு முட்டும். அதிலும் மரம் சும்மா இருக்காது. ஈரக் காற்றில் உப்பும். வறண்ட காற்றில் சுருங்கும். குளிர்காலத்தில் கையால் எடுக்க வந்த வளையம், மழைக்காலத்தில் அசையாது. அடித்து எடுத்தால் பட்டை பிளக்கும். கைதேர்ந்த தொழிலாளி இதையெல்லாம் யோசித்துக் கடைவார். அரைகுறை ஆள் ஒரே மூச்சில் கடைந்துவிட்டு, பிறகு காகிதத்தைச் செருகிச் சரிக்கட்டுவார்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு துண்டு விளிம்புக்கான ரிம் பருமனாக இருக்கும். அதில் ஒரே துண்டு விளிம்பைப் போட வேண்டுமானால் வெளிப்புறத்தையும் கடைய வேண்டும். தலையும் போயிற்று, இடுப்பும் போயிற்று! அது பழைய வாத்தியமும் இல்லை, புதிய வாத்தியமும் இல்லை.

மரத்தைச் சீவலாம். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா? கழற்றியதை மாட்டலாம். கடைந்ததை மாட்ட முடியாது. அனுபவசாலிகள் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

உடைத்து விற்கும் வியாபாரம்

பழைய தட்டை வளையம் தனியாகவே பெரும் விலை போகிறது. அதனால் ஒரு கெட்ட வழக்கமும் வந்தது. நல்ல வாத்தியத்தைப் பிரித்து, வளையத்தை ஒருவருக்கும், ரிம்மை ஒருவருக்கும், தண்டியை ஒருவருக்கும் விற்றுவிடுவார்கள். விற்றவருக்கு லாபம். வாத்தியத்துக்கு மரணம். பிறகு அதே சாமான்கள் வேறு வேறு உடம்புகளில் ஏறி, "அசல், அசல்" என்று சந்தைக்கு வரும். மேலே சொன்ன பரிசோதனைகள் எல்லாம் இதற்காகத்தான் தேவைப்படுகின்றன.

பழசை வெட்டாமல் அந்த ஓசையைப் பெற இன்று வேறு வழி இருக்கிறது. பழைய முறையில் புது ரிம்மும் புது வளையமும் செய்யும் நல்ல தொழிலாளர்கள் இருக்கிறார்கள். மரத்துக்கு எங்கே போகிறார்கள் தெரியுமா? முற்காலத்தில் வெட்டி மிதக்கவிட்டபோது சுப்பீரியர் ஏரியில் மூழ்கிப் போன மேப்பிள் மரங்களை மேலே இழுத்து, அவற்றைக் கொண்டுகூட ரிம் செய்திருக்கிறார்கள்! பழைய காட்டு மரம் மெதுவாக வளர்ந்தது, இழை நெருக்கமானது என்பது அவர்கள் கணக்கு.

வெட்டவே கூடாதா?

"அப்படியானால் பழைய வாத்தியத்தில் கையே வைக்கக் கூடாதா?" என்று கேட்கலாம். அப்படியும் இல்லை.

ஸ்க்ரக்ஸே தமது பாஞ்சோவில் கை வைத்தவர்தான். 1951-ல் பதிவான ஓர் இசையில், வாசிக்கும்போதே பிருடையைத் திருகிச் சுரத்தை இறக்கி ஏற்றினார். அதைப் பிசகாமல் செய்யத் தண்டியின் தலையில் துளை போட்டுத் தனியாகத் திருகுகள் வைத்துக்கொண்டார். பூஜை அறையில் வைத்துக் கும்பிடுவதற்காக யாரும் வாத்தியம் செய்வதில்லை. வாசிக்கத்தான் செய்கிறார்கள்.

பழைய ஆட்டுத் தோலையோ கன்றுத் தோலையோ எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தோல் போடலாம். மழை வந்தாலும் தளராது. குதிரையை மாற்றலாம். தந்தியை மாற்றலாம். தண்டியையும் மாற்றலாம். இவையெல்லாம் திரும்பி வரக்கூடிய மாற்றங்கள். கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும், ஒரு சிறிய திருகு ஆனாலும், துணியில் முடிந்து பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். என்ன மாற்றம், எந்த வருடம் செய்தது என்று ஒரு சீட்டும் எழுதி வைக்க வேண்டும். பேரப் பிள்ளைகளுக்கு அதுவே சாட்சி.

ரிம்மைக் கடைவது மட்டும் வேறு. விரிசல் விட்டு, ஏற்கெனவே யாரோ பாழாக்கிய ரிம்மானால் கடைந்து உயிர் கொடுக்கலாம். ஊனம் இல்லாத பழைய ரிம்மானால் தொடக்கூடாது. மலிவு ரகமானாலும் சரி, தொண்ணூறு வருடம் பிழைத்து வந்த மரம் அது. அதன் அடக்கமான ஓசையை விரும்பி வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எர்ல் ஸ்க்ரக்ஸ் 2012-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி காலமானார். அவர் பிறந்த ஊருக்கு அருகே, ஷெல்பி நகரின் பழைய கோர்ட்டுக் கட்டடத்தில், 2014-ல் அவர் பெயரால் ஒரு காட்சி நிலையம் திறந்தார்கள். கலமசூ தொழிற்சாலையை விட்டு கிப்சன் கம்பெனி 1984-லேயே போய்விட்டது. வளையங்களை வார்த்த கைகளும் மண்ணாகிவிட்டன. அவர்களில் பலர் பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை. அவர்களுக்கும் முன்னால், சுரைக்குடுக்கையில் தோல் கட்டிய அடிமைகளின் பெயரோ அடியோடு தெரியாது.

அவர்கள் விட்டுப் போனது இந்த மரமும் வெண்கலமும்தான். வீட்டில் பழைய வாத்தியம் எதுவானாலும் சரி. உளியையோ ரம்பத்தையோ எடுப்பதற்கு முன்னால், அதன் உள்ளே ஒரு முறை விளக்குப் பிடித்துப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவசரப்பட்டு அறுத்த மரம் திரும்பி வளராது.